எச்.ஐ.வி. உள்ளவருக்கு மூளையும் நரம்பும் பாதிக்கப்படுவது எப்படி? ஓர் எளிய விளக்கம்

எச்.ஐ.வி. தொற்று உள்ள ஒருவர் தீராத தலைவலி, வலிப்பு, பேச்சுக் குழறல், ஆளை அடையாளம் தெரியாத குழப்பம் என்று மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். கூட இருப்பவர்கள் மனதில் உடனே எழும் எண்ணம் இதுதான்: “கிருமி மூளைக்கு ஏறிவிட்டது, இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது.” இந்த எண்ணத்தின் இரண்டு பாதியுமே தவறு. அவர் மூளையைத் தாக்கிக்கொண்டிருப்பது பெரும்பாலும் எச்.ஐ.வி. அல்ல, வேறொரு கிருமி. அந்த வேறு கிருமிகளில் பலவற்றுக்கு மருந்தும் இருக்கிறது. ஆனால் எந்தக் கிருமி என்பதைச் சில நாட்களுக்குள், சில வேளை சில மணி நேரத்துக்குள் கண்டுபிடித்தாக வேண்டும். வார்டில் நடக்கும் பரபரப்புக்கெல்லாம் காரணம் அந்த அவசரம்தான்.

எச்.ஐ.வி. மூளைக்குப் போவதே இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களிலேயே அது மூளைக்குள் நுழைந்துவிடுகிறது. இரத்தத்தில் ஓடும் சில வெள்ளணுக்கள் அதைச் சுமந்துகொண்டு போகின்றன. அங்கே அது நரம்புச் செல்களைத் தொற்றுவதில்லை. மூளையின் சொந்தக் காவல் செல்களான மைக்ரோகிளியாக்களில் தங்குகிறது. 1980-களின் நடுப்பகுதியிலேயே நோயாளிகளின் மூளைத் தண்டுவட நீரில் இந்த வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. அப்படியிருந்தும் பெரும்பாலானோர் பல ஆண்டுகள் எந்த மூளைக் கோளாறும் இல்லாமல் வாழ்கிறார்கள். ஆகவே வைரஸ் மூளையில் இருக்கிறதா என்பதைவிட, உடலின் எதிர்ப்பாற்றல் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதே முக்கியமான கேள்வி.

அந்த மிச்சத்தை அளக்க ஓர் எண் இருக்கிறது: சிடி4. இது ஒரு வகை வெள்ளணுவின் எண்ணிக்கை. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய 500 முதல் 1500 வரை இருப்பது இயல்பு. எச்.ஐ.வி. இந்த அணுக்களையே அழிக்கிறது. எண்ணிக்கை 200-க்குக் கீழே போனால் அதை முற்றிய எச்.ஐ.வி. நோய் என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. மூளையைத் தாக்கும் தொற்றுகளில் பெரும்பாலானவை இந்த எல்லைக்குக் கீழேதான் தலைகாட்டும். காசநோய் எந்த எண்ணிக்கையிலும் வரும், குறையக் குறைய வாய்ப்பு கூடும். கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையும் டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணியும் பெரும்பாலும் 100-க்குக் கீழே. சைட்டோமெகலோ வைரஸும் மூளையில் உருவாகும் ஒருவகை லிம்போமா புற்றுநோயும் 50-க்குக் கீழே. அதனால்தான் நோயாளி வந்தவுடன் மருத்துவர் “சிடி4 எவ்வளவு?” என்று கேட்கிறார். அந்த ஓர் எண் பட்டியலைப் பாதியாகக் குறைத்துவிடும்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொண்டால் இந்தக் கட்டுரையின் மற்ற பகுதிகள் எளிதாகிவிடும். நோய் வந்தால் காய்ச்சல், கழுத்து விறைப்பு, வீக்கம், கடுமையான வலி என்று உடல் போடும் கூச்சல் பெரும்பாலும் கிருமியின் வேலை அல்ல, நம் எதிர்ப்பாற்றலின் வேலை. கிருமியோடு அது போராடும்போது உண்டாகும் அழற்சிதான் அந்த அறிகுறிகள். எதிர்ப்பாற்றல் ஓய்ந்து கிடக்கும் ஒருவருக்கு மூளை உறை முழுவதும் பூஞ்சை பரவியிருந்தாலும் கழுத்து விறைக்காமல் இருக்கலாம், காய்ச்சல் லேசாக இருக்கலாம், மூளைத் தண்டுவட நீரில் வெள்ளணுக்களே தென்படாமல் போகலாம். பெரிய நோய் சிறிய அறிகுறியோடு வருகிறது. மறுபக்கம், சிகிச்சை தொடங்கி எதிர்ப்பாற்றல் மீண்டு வரும்போது, அதுவரை அடங்கிக் கிடந்த கூச்சல் ஒரேயடியாக எழும்பி நோயாளியின் நிலை மோசமாகலாம். இந்த இரண்டையும் பின்னால் பார்ப்போம்.

யார் இப்படி வந்து சேர்கிறார்கள்?

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, வைரஸ் அளவு கட்டுக்குள் இருக்கும் ஒருவருக்கு இந்தத் தொற்றுகள் வருவது அரிது. வார்டில் படுத்திருப்பவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. தமக்கு எச்.ஐ.வி. இருப்பதே தெரியாமல், மூளை நோயோடு வந்த பிறகு முதன்முறையாகப் பரிசோதனையில் அறிந்துகொள்பவர்கள் ஒரு வகை. தெரிந்து, மாத்திரை சாப்பிட்டு, பிறகு ஏதோ காரணத்தால் நிறுத்திவிட்டவர்கள் இன்னொரு வகை. வேலை போனது, ஊர் மாறியது, வீட்டில் தெரிந்துவிடும் என்ற அச்சம், மனச்சோர்வு என்று காரணங்கள் பல. அவற்றைக் குற்றமாகப் பார்ப்பதால் யாருக்கும் நன்மை இல்லை. மூன்றாவது வகையினர் இப்போதுதான் சில வாரங்களுக்கு முன் ஏ.ஆர்.டி. எனப்படும், எச்.ஐ.வி.யை அடக்கும் மாத்திரையைத் தொடங்கியவர்கள். இவர் எந்த வகை என்பதே நோயறிதலில் பெரிய துப்பு. ஆகவே மாத்திரை விட்டுப்போனதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வது உயிர் காக்கும் தகவல்.

வந்தவுடன் பார்ப்பவை

குழப்பத்தோடு வரும் எல்லோருக்கும் மூளைத் தொற்று என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இரத்தச் சர்க்கரை இறங்கியிருக்கலாம், சோடியம் குறைந்திருக்கலாம், நுரையீரல் தொற்றால் ஆக்சிஜன் போதாமல் இருக்கலாம், சிறுநீரகமோ கல்லீரலோ தளர்ந்திருக்கலாம், மதுவை நிறுத்தியதன் விளைவாக இருக்கலாம். இவை எல்லாம் எச்.ஐ.வி. இல்லாத ஒருவருக்கும் வரும். சர்க்கரையும் ஆக்சிஜனும் பார்க்க ஒரு நிமிடம் போதும். அதைப் பார்க்காமல் ஸ்கேனுக்கு அனுப்புவது சரியல்ல.

அடுத்து மருத்துவர் கேட்பது, எத்தனை நாளாக இப்படி என்பது. சில நிமிடங்களில் ஒரு கை கால் விழுந்தால் பக்கவாதத்தை நினைப்பார்கள். ஓரிரு வாரமாகக் கூடிக்கொண்டே போகும் தலைவலி என்றால் பூஞ்சை அல்லது காசநோய் மூளைக்காய்ச்சல். சில நாட்களாக ஒரு பக்கம் பலவீனமும் வலிப்பும் என்றால் மூளைக்குள் கட்டி போன்ற ஒன்று. மாதக்கணக்கில் மெல்ல மறதி என்றால் வேறு திசை. இதை நோயாளியால் சொல்ல முடியாது. கூட இருப்பவர்தான் சொல்ல வேண்டும். “நேற்று வரை நன்றாகத்தான் இருந்தார்” என்று பொதுவாகச் சொல்வதைவிட, எப்போது வேலைக்குப் போவதை நிறுத்தினார், எப்போது முதல் வாந்தி எடுத்தார், எந்த நாளிலிருந்து பேச்சு மாறியது என்று நினைவுபடுத்திச் சொன்னால் அது ஒரு பரிசோதனைக்குச் சமம்.

கிரிப்டோகாக்கஸ்: அதிகம் தெரிந்துகொள்ள வேண்டிய நோய்

பொதுமக்கள் அதிகம் கேள்விப்படாத, ஆனால் எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரைப் பெருமளவில் பறிக்கும் நோய் இது. கிரிப்டோகாக்கஸ் மண்ணிலும் பறவை எச்சத்திலும் வாழும் ஒரு பூஞ்சை. அதன் நுண்துகளை நாம் எல்லோரும் எப்போதாவது மூச்சில் இழுத்திருப்போம். எதிர்ப்பாற்றல் நன்றாக உள்ளவருக்கு நுரையீரலிலேயே அது முடங்கிப்போகும். சிடி4 சரிந்தவருக்கு இரத்தத்தில் கலந்து மூளை உறைக்குப் போய்விடும். 2020-ஆம் ஆண்டு நிலவரப்படி, உலகெங்கும் எச்.ஐ.வி. உள்ளவர்களில் ஆண்டுக்குச் சுமார் 1,52,000 பேருக்கு இந்த மூளைக்காய்ச்சல் வருவதாகவும், 1,12,000 பேர் அதனால் இறப்பதாகவும் மதிப்பிட்டிருக்கிறார்கள். எய்ட்ஸ் தொடர்பான இறப்புகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று.

இதன் சூழ்ச்சி அதன் மெதுவான நடையில் இருக்கிறது. முதலில் தலைவலி மட்டும். வலி மாத்திரை போட்டால் சற்றுக் குறையும், மறுபடி வரும். ஓரிரு வாரம் கழித்து வாந்தி, மங்கல் பார்வை, ஒன்று இரண்டாகத் தெரிவது, எதிலும் நாட்டமின்மை, குழப்பம். கழுத்து விறைப்பு இல்லாததால் மூளைக்காய்ச்சல் என்ற சந்தேகமே பலருக்கு எழாது. எச்.ஐ.வி. உள்ளவருக்கு ஒரு வாரத்துக்கு மேல் நீடிக்கும் தலைவலியைச் சாதாரணத் தலைவலி என்று ஒருபோதும் விட்டுவிடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

நல்ல செய்தி, இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய பரிசோதனை இருக்கிறது. பூஞ்சையின் மேலுறையிலிருந்து கழலும் பொருளைக் காட்டும் பட்டைச் சோதனை அது. ஒரு துளி இரத்தமோ மூளைத் தண்டுவட நீரோ போதும், பத்தே நிமிடத்தில் கோடு தெரிந்துவிடும். இன்னும் வியப்பானது, தலைவலி தொடங்குவதற்குப் பல வாரங்கள் முன்பே இரத்தத்தில் இந்தப் பொருள் தென்பட்டுவிடுகிறது. அதனால் சிடி4 குறைந்த எல்லோருக்கும், அறிகுறி இல்லாவிட்டாலும், இந்தச் சோதனையைச் செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இரத்தத்தில் மட்டும் இருந்து மூளை உறைக்குப் போகாத நிலையில் பிடித்துவிட்டால், ஃப்ளூகோனசோல் மாத்திரையைக் கொண்டே மூளைக்காய்ச்சலைத் தடுக்க முடியும். வருமுன் காப்பது என்பதற்கு இவ்வளவு தெளிவான வாய்ப்பு மருத்துவத்தில் அடிக்கடி கிடைப்பதில்லை.

மூளைக்காய்ச்சல் வந்துவிட்டால் சிகிச்சை கடினமானது, ஆனால் சில ஆண்டுகளில் பெரிதும் மாறியிருக்கிறது. முன்பு ஆம்ஃபோடெரிசின் மருந்தை நாள்தோறும் இரண்டு வாரம் சிரை வழியே ஏற்றுவார்கள். சிறுநீரகம் தளரும், இரத்தம் குறையும், பொட்டாசியம் இறங்கும். ஆப்பிரிக்காவின் ஐந்து நாடுகளில் நடத்தி 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், லிப்போசோம் வகை ஆம்ஃபோடெரிசினை ஒரே ஒரு முறை உயர் அளவில் கொடுத்து, கூடவே இரண்டு வாரம் ஃப்ளூசைட்டோசின், ஃப்ளூகோனசோல் மாத்திரைகளைத் தந்தார்கள். பலன் பழைய முறைக்குக் குறையவில்லை, பக்க விளைவுகளோ கணிசமாகக் குறைந்தன. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் அதை முதன்மைச் சிகிச்சையாக அறிவித்தது. அப்படியும் அந்த ஆய்வில் பத்து வாரத்துக்குள் ஏறக்குறைய நாலில் ஒருவர் இறந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மருந்து நன்றாக இருக்கிறது. நோயாளிகள் தாமதமாக வருகிறார்கள்.

முதுகில் ஊசி: அச்சம் வேண்டாம்

இந்த நோயில் உயிரை எடுப்பது பூஞ்சையைவிட அழுத்தம்தான். மூளையைச் சுற்றி ஓடும் நீர் ஒரு நாளைக்குச் சுமார் அரை லிட்டர் சுரக்கிறது. அதே அளவு இரத்தத்துக்குள் வடிந்தும் விடுகிறது. பூஞ்சையும் அதன் பசை போன்ற உறையும் வடிகால்களை அடைத்துவிட்டால் நீர் தேங்கும். மண்டையோடு மூடி இறுக்கிய பாத்திரம், விரிய இடமில்லை. தேங்கும் நீர் மூளையையும் பார்வை நரம்பையும் செவி நரம்பையும் நசுக்கும். தாங்க முடியாத தலைவலி, பார்வை இழப்பு, கேட்கும் திறன் இழப்பு, நினைவிழப்பு எல்லாம் இதன் தொடர்.

இதற்கு மருந்து கிடையாது. முதுகின் கீழ்ப்பகுதியில் மெல்லிய ஊசி செலுத்தி நீரை எடுத்துவிடுவதே வழி. முதலில் அழுத்தத்தை அளப்பார்கள். 20 சென்டிமீட்டர் நீர் அளவுக்கு மேல் இருந்தால், அதைப் பாதியாகவோ 20-க்குக் கீழோ கொண்டுவரும் வரை வடிப்பார்கள். மறுநாள் தலைவலி திரும்பினால் மறுபடியும் எடுப்பார்கள். தினமும் எடுக்க வேண்டிய நோயாளிகளும் உண்டு. “ஏற்கெனவே எடுத்தாயிற்றே, எதற்கு மறுபடி?” என்று குடும்பத்தினர் கேட்பது இங்கேதான். முதல் முறை எடுப்பது நோயைக் கண்டறிய. பிறகு எடுப்பது ஒவ்வொன்றும் சிகிச்சை.

ஊசி போட்டால் கால் விளங்காமல் போகும், அதனால்தான் இன்னார் இறந்தார் என்ற பேச்சுகள் எங்கும் உலவுகின்றன. முதுகுத் தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்குக் கீழே, நீர் மட்டும் நிறைந்த இடத்தில் செலுத்தப்படுகிறது. சிலருக்குப் பிறகு ஓரிரு நாள் தலைவலி இருக்கலாம். மூளையில் பெரிய கட்டி இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் முதலில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுவார்கள். ஊசிக்கு மறுத்து, கடைசியில் நினைவிழந்த பிறகு சம்மதிக்கும் குடும்பங்களில், நோயாளி இறந்தால் பழி ஊசி மேல் விழுகிறது. அது அடுத்த குடும்பத்தையும் பயமுறுத்துகிறது. இந்தச் சுழற்சியை உடைப்பதற்காகவே இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

காசநோய் மூளைக்காய்ச்சல்

எச்.ஐ.வி. உள்ளவர்களின் இறப்புக்கு உலக அளவில் முதல் காரணம் காசநோய். அது மூளை உறையைத் தாக்கும் வடிவமே காசநோய் வகைகளில் மிகக் கொடியது. வாரக்கணக்கில் மெலிவு, மாலைக் காய்ச்சல், தலைவலி. பிறகு கண் ஒரு பக்கம் ஒதுங்குவது, குழப்பம், நினைவு மங்குவது. இதில் கிருமியைக் கண்ணால் காண்பது கடினம், ஏனெனில் நீரில் அவை மிகச் சில. ஜீன் எக்ஸ்பெர்ட் அல்ட்ரா என்ற மூலக்கூறு சோதனை பழைய முறைகளைவிடப் பல மடங்கு நல்லது. ஆனாலும் அதில் இல்லை என்று வந்தால் நோயே இல்லை என்று பொருளல்ல. ஆகவே சந்தேகம் வலுவாக இருந்தால், முடிவு கையில் வருவதற்கு முன்பே மருந்து தொடங்குவார்கள். ஆதாரமில்லாமல் மருந்து கொடுப்பதாகச் சிலருக்குத் தோன்றலாம். இந்த நோயில் காத்திருப்பதே பெரிய ஆபத்து. சிகிச்சை நுரையீரல் காசநோயைப் போல் ஆறு மாதத்தில் முடிவதில்லை, பொதுவாக ஓராண்டு வரை நீளும்.

ஸ்டீராய்டு பற்றி ஒரு சொல். காசநோய் மூளைக்காய்ச்சலில் அழற்சியை அடக்க டெக்ஸாமெதசோன் கொடுப்பது நெடுநாள் வழக்கம், எச்.ஐ.வி. இல்லாதவர்களில் அது உயிர் காக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களில் அந்த நன்மை தெளிவாக இல்லை என்று வியட்நாமிலும் இந்தோனேசியாவிலும் நடத்தி 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே மருந்தைக் கிரிப்டோகாக்கஸுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வைக் கேடு விளைந்ததால் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அதன் முடிவு 2016-இல் வெளியானது. இரண்டு நோய்களும் வெளித்தோற்றத்தில் கிட்டத்தட்ட ஒன்று, மருந்துகள் வேறு வேறு. எது என்று உறுதி செய்ய மருத்துவர்கள் இவ்வளவு மெனக்கெடுவது இதனால்தான்.

மூளைக்குள் கட்டி போல் தெரிந்தால்

ஸ்கேனில் வளையம் வளையமாக ஒளிரும் புள்ளிகள் பல தெரிகின்றன, சுற்றிலும் வீக்கம், நோயாளிக்கு ஒரு பக்கம் பலவீனம், வலிப்பு. சிடி4 100-க்குக் கீழே. இந்தக் கூட்டு பெரும்பாலும் டாக்ஸோபிளாஸ்மா. பூனையின் கழிவிலிருந்தோ சரியாக வேகாத இறைச்சியிலிருந்தோ எப்போதோ உடலுக்குள் வந்து, தசையிலும் மூளையிலும் உறங்கிக் கிடந்த ஒட்டுண்ணி இது. எதிர்ப்பாற்றல் விழுந்ததும் விழித்துக்கொள்கிறது.

இதில் மருத்துவர்கள் கையாளும் முறை எனக்கு மிகவும் பிடித்தமானது. மூளையைத் திறந்து பார்ப்பதற்குப் பதில், டாக்ஸோபிளாஸ்மா என்றே கொண்டு மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள். எல்லாரும் அறிந்த கோ-ட்ரைமாக்ஸசோல் மாத்திரையே உயர் அளவில் போதுமானது. இரண்டு வாரத்துக்குள் கை அசைகிறது, பேச்சு திரும்புகிறது, மறு ஸ்கேனில் வளையங்கள் சுருங்குகின்றன. குணமாவதே நோயை உறுதி செய்துவிடுகிறது. அப்படிக் குணமாகவில்லை என்றால் காசநோய்க் கட்டியா, லிம்போமா புற்றா என்று பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் சதைத் துணுக்கு எடுக்க வேண்டும். சிடி4 குறைந்தவர்களுக்கு அதே கோ-ட்ரைமாக்ஸசோலைக் குறைந்த அளவில் நாள்தோறும் கொடுப்பது இந்த நோயை வரவிடாமலே தடுக்கும். இவ்வளவு மலிவான மாத்திரையை யாரும் அலட்சியமாக விட்டுவிடக் கூடாது.

வளையமும் இல்லை, வீக்கமும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஆனால் வாரத்துக்கு வாரம் பேச்சு குழறுகிறது, நடை தள்ளாடுகிறது, பார்வையில் ஒரு பக்கம் மறைகிறது என்றால் பி.எம்.எல். என்னும் நோயை நினைப்பார்கள். சிறுவயதிலேயே பெரும்பாலோரின் உடலில் புகுந்து சாதுவாக இருக்கும் ஜே.சி. வைரஸ், எதிர்ப்பாற்றல் இல்லாதபோது நரம்பு இழைகளின் மேலுறையை அரிக்கிறது. இதற்கென்று தனி மருந்து இல்லை. ஏ.ஆர்.டி. தொடங்கி எதிர்ப்பாற்றலை மீட்பதே ஒரே சிகிச்சை, அதையும் தாமதிக்காமல் தொடங்க வேண்டும்.

சைட்டோமெகலோ வைரஸ் பெரும்பாலும் கண்ணின் விழித்திரையை அழிக்கும். சிலருக்கு இரண்டு கால்களும் சில நாட்களில் தளர்ந்து சிறுநீர் அடைத்துக்கொள்ளும். சிபிலிஸ் கிருமியும் மூளையைத் தாக்கும், அதற்குப் பென்சிலின் இருக்கிறது; ஆகவே இந்தச் சோதனையை விட்டுவிடக் கூடாது.

ஏ.ஆர்.டி. மாத்திரையை உடனே தொடங்காதது ஏன்?

இந்த இடத்தில்தான் குடும்பத்தினருக்கு மருத்துவர் மேல் கோபம் வருகிறது. எச்.ஐ.வி. என்று தெரிந்துவிட்டது, மருந்தும் இருக்கிறது, ஏன் தரமாட்டேன் என்கிறார்கள்? மற்ற சூழல்களில் ஒரு வாரத்துக்குள், முடிந்தால் அன்றே தொடங்க வேண்டும் என்பதே விதி. மூளைக்காய்ச்சல் மட்டும் விலக்கு. முன்பு சொன்ன விஷயத்தை நினைவில் கொள்ளுங்கள்: எதிர்ப்பாற்றல் மீளும்போது கூச்சல் எழும்பும். மூளை உறையில் பூஞ்சையோ காசநோய்க் கிருமியோ ஏராளமாகக் கிடக்கையில் படை திடீரெனத் திரும்பி வந்து மோதினால், அழற்சியும் வீக்கமும் மூளைக்குள் நடக்கும். மருத்துவர்கள் இதை ஐரிஸ் என்று குறிப்பிடுவார்கள். நுரையீரலிலோ தோலிலோ அது நடந்தால் சமாளிக்கலாம். மண்டைக்குள் நடந்தால் உயிருக்கு ஆபத்து.

இது வெறும் அச்சமல்ல. உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடத்தி 2014-இல் வெளியான ஆய்வில், கிரிப்டோகாக்கஸ் நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு ஓரிரு வாரத்திலும் மற்றவர்களுக்கு ஐந்து வாரம் பொறுத்தும் ஏ.ஆர்.டி. தொடங்கினார்கள். ஆறு மாத முடிவில் சீக்கிரம் தொடங்கியவர்களில் 45 சதவீதம் இறந்திருந்தார்கள். பொறுத்துத் தொடங்கியவர்களில் 30 சதவீதம். அதனால் இப்போது கிரிப்டோகாக்கஸுக்கு நாலு முதல் ஆறு வாரமும், காசநோய் மூளைக்காய்ச்சலுக்கு நாலு முதல் எட்டு வாரமும் பொறுக்கிறார்கள். டாக்ஸோபிளாஸ்மாவுக்கு இவ்வளவு பொறுக்கத் தேவையில்லை, இரண்டு வாரம் வாக்கில் தொடங்கிவிடலாம். மருத்துவர் “இன்னும் கொஞ்ச நாள்” என்று சொன்னால் அதில் கைவிடுதல் எதுவும் இல்லை. அது கணக்குப் போட்டு வைத்த காத்திருப்பு.

எச்.ஐ.வி.யே நேரடியாகச் செய்வது

நரம்பு மண்டலத்தில் எச்.ஐ.வி. தானே உண்டாக்கும் தொல்லைகளில் மிகப் பரவலானது பாதத்தில் தொடங்கும் நரம்புப் பாதிப்பு. இரண்டு பாதங்களிலும் எரிச்சல், குத்தல், மரத்துப்போதல். இரவில் போர்வை பட்டாலே வலிக்கும். பழைய மருந்துகளான ஸ்டாவுடின், டிடானோசின் இதை அதிகப்படுத்தின. இப்போது அவை வழக்கத்தில் இல்லை. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் இதே தொல்லையைத் தரும் என்பதால்தான் கூடவே பைரிடாக்ஸின் என்ற வைட்டமின் பி6 மாத்திரை தருகிறார்கள். அதைச் சத்து மாத்திரைதானே என்று விட்டுவிட வேண்டாம்.

அடுத்தது சிந்தனையின் வேகம் குறைவது. நெடுநாள் சிகிச்சை இல்லாதவர்களுக்கு மறதி, கவனக் குறைவு, எதிலும் ஈடுபாடின்மை, நடை மந்தமாதல் என்று மெல்ல மெல்ல ஒரு வகை டிமென்ஷியா வரும். 1996 வாக்கில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்த பிறகு இதன் கடுமையான வடிவம் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஏ.ஆர்.டி. தொடங்கினால் பலருக்குப் பெருமளவு திரும்பக் கிடைக்கும். மிதமான மறதி சிலருக்கு நீடிக்கலாம். அவர்கள் மாத்திரையை மறப்பதற்குச் சோம்பல் காரணமல்ல, அந்த நோயே காரணம் என்பதை வீட்டில் உள்ளவர்கள் புரிந்துகொண்டால், திட்டுவதற்குப் பதில் நினைவூட்டுவார்கள்.

பக்கவாதமும் இவர்களுக்கு மற்றவர்களைவிடச் சற்று அதிகம், அதுவும் இளம் வயதில். அக்கி வைரஸ், காசநோய், சிபிலிஸ் ஆகியவை மூளையின் இரத்தக் குழாய்களை அழற்சியடையச் செய்வதாலும் வரலாம். எல்லோரையும் போல் இரத்த அழுத்தம், புகைபிடித்தலாலும் வரலாம்.

மருந்தும் மருந்தும் மோதும் இடம்

வலிப்புக்கு நெடுங்காலமாகப் பயன்படும் ஃபெனிடாய்ன், கார்பமசெபைன், ஃபீனோபார்பிடால் ஆகியவை ஏ.ஆர்.டி. மருந்துகள் பலவற்றின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். வைரஸ் மறுபடி தலைதூக்கும். லெவெடிரசெட்டம் போன்ற மாத்திரைகளில் அந்தத் தொல்லை இல்லை. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், ஏ.ஆர்.டி. மருந்துகளில் ஒன்றான டோலுடெக்ராவிரின் அளவைக் குறைப்பதால், அந்தக் காலத்தில் டோலுடெக்ராவிரை நாளுக்கு ஒரு முறைக்குப் பதில் இரண்டு முறை தருவார்கள். எஃபவிரென்ஸ் என்னும் ஏ.ஆர்.டி. மருந்தை எடுப்பவர்களுக்குத் தலைசுற்றல், கலக்கமான கனவு, மனச்சோர்வு வரலாம். அதையும் புதிய மூளை நோய் என்று எண்ணிவிடக் கூடும். ஆகவே வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், வேறு மருத்துவரிடம் வாங்கியதையும், நாட்டு மருந்தையும் சேர்த்து ஒரு பையில் போட்டு வார்டுக்குக் கொண்டுவந்து காட்டுவது நல்லது.

கூட இருப்பவர்களுக்கு

குழப்பத்தில் இருப்பவர் உங்களைத் திட்டலாம், ஊசியைப் பிடுங்கலாம், எழுந்து ஓடப் பார்க்கலாம். அது அவர் குணம் அல்ல, நோய். தெரிந்த குரல், மாறாத முகம், இரவில் மங்கிய விளக்கு, கண்ணாடி அணிபவர் என்றால் கண்ணாடி, இவை மருந்துக்கு நிகரான உதவி. தொடுவதாலோ ஊட்டுவதாலோ துடைத்துவிடுவதாலோ எச்.ஐ.வி. பரவாது. பக்கத்துக் கட்டில்காரர்கள் என்ன நோய் என்று கேட்டால் மூளைக்காய்ச்சல் என்று சொன்னால் போதும், அது உண்மையும்கூட. அவருடைய எச்.ஐ.வி. நிலையை யாரிடம் சொல்வது என்பது தெளிந்த பிறகு அவரே எடுக்க வேண்டிய முடிவு. அதுவரை அது பாதுகாக்கப்பட வேண்டிய இரகசியம்.

வீடு திரும்பிய முதல் சில மாதங்கள் வார்டில் இருந்த நாட்களைப் போலவே கவனம் கேட்பவை. கிரிப்டோகாக்கஸ் வந்தவர் ஃப்ளூகோனசோலைக் குறைந்தது ஓராண்டாவது தொடர வேண்டும். சிடி4 ஏறி, வைரஸ் அடங்கிய பிறகே மருத்துவர் நிறுத்தச் சொல்வார். தலைவலி போய்விட்டதே என்று இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும். ஏ.ஆர்.டி. தொடங்கிய பிறகு வரும் வாரங்களில் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு, பழைய குழப்பம் ஆகியவற்றில் எது திரும்பினாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது ஐரிஸாக இருக்கலாம், பழைய நோய் மீண்டதாக இருக்கலாம். முதுகில் ஊசி போட்டு நீரை எடுத்துப் பார்த்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும். புது மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நீங்களாக ஏ.ஆர்.டி.யை நிறுத்திவிடாதீர்கள். மாத்திரைப் பையோடும், பழைய டிஸ்சார்ஜ் சீட்டோடும், கடைசியாகப் பார்த்த சிடி4 எண்ணோடும் போங்கள்.